இரண்டால் பெருக்க மறந்த வானம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் லிஃப்ட் கிடையாது. வசதி இல்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. மூன்று மாடிக்காரர்களும் லிஃப்டில் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்து ஏறினால் பேசுவார்கள், பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று கட்டிடம் கட்டும்போதே யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துவிட்டார். இந்தத் தகவலைப் பெருமையோடு சொன்ன காவலாளியை, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கொசுறு ஒரு முறை முறைத்தான்.

கொசுறு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஸ்குவாட் மேடத்தைத் துப்பறியக் கூப்பிடுகிறவர்கள் கூடவே வரும் இவனுக்கென்று தனியாக எதுவும் தருவதில்லை. காய் வாங்கினால் பையில் திணிக்கும் கொத்தமல்லி மாதிரி வந்துவிடுகிறான் என்று யாரோ சொல்லப்போய், அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை. கொத்தமல்லி இல்லாமல் எது மணக்கும் என்று கேட்பான்.

மேடம், பரீட்சை மண்டபங்களில் காப்பியடிப்பவர்களைப் பிடிக்கும் பறக்கும் படையில் இருபது வருஷம் பறந்தவர். அந்தப் படையின் ஜீப்பை ஓட்டியவன் கொசுறு. ஓய்வு பெற்றதும் மேடம் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டார்.

"காப்பியடிச்ச கேஸ்தான் மேடம்," என்றார் இயக்குநர், நாற்காலியைக் காட்டி. "அதான் போலீசுக்குப் போகாம உங்களைக் கூப்பிட்டேன். இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள எப்படி அடிச்சாங்கன்னு தெரிஞ்சாகணும்."

"அடிச்சாங்களான்னு இல்லை, எப்படி அடிச்சாங்கன்னா?" என்றார் மேடம்.

"அதுல சந்தேகமே இல்லை." இயக்குநர் விரலை மடக்கினார். "இங்க மூணு மாடி, மூணு வேலை. மேல்மாடி தொலைநோக்கியில வானத்தைப் பார்க்கும். நடுமாடி, மேல இருந்து வர்ற சத்தம், தூசு, குப்பை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு அலசி ஒரு எண்ணை எடுக்கும். கீழ்மாடி வானத்தையே பார்க்காம, பென்சிலை வச்சுக் கணக்குப் போட்டு, எண் இவ்வளவுதான் இருக்கணும்னு முன்கூட்டியே சொல்லும்."

"ஜோசியம்," என்றான் கொசுறு.

"கோட்பாடு," என்று திருத்தினார் இயக்குநர். "தூரத்துல ரெண்டு செத்த நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்துது. ஒரு சுத்துக்கு ஆகிற நேரம் வருஷா வருஷம் துளித்துளியா குறையுது. எவ்வளவு குறையுதுங்கறதுதான் நாங்க தேடுற எண். கீழ்மாடியோட எண் நடுமாடிக்குத் தெரியக்கூடாது, நடுமாடியோடது கீழ்மாடிக்குத் தெரியக்கூடாது. கடைசி நாள்ல முதுகோட முதுகா ரெண்டு கரும்பலகை வைப்போம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுதுவாங்க. அப்புறம்தான் திருப்புவோம்."

"திருப்பினீங்க."

"திருப்பினோம். இந்தப் பக்கம் நாலு புள்ளி ஒன்று ஏழு மூன்று. அந்தப் பக்கமும் நாலு புள்ளி ஒன்று ஏழு மூன்று. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. எங்க அளவையில ரெண்டாவது தசமத்துலயே தடுமாற்றம் உண்டு. மூணாவது வரைக்கும் எப்படி ஒத்துப்போகும்?"

"காக்கா உட்கார பனம்பழம் விழுந்திருக்கலாமே?"

"ஒரு பழம் விழலாம் தம்பி. மூணு பழம் வரிசையா விழுந்து தட்டுல உட்காராது." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "நடுமாடிக்காரர் ஒரு மாசம் முன்னாடியே எண்ணை எடுத்துட்டார். கீழ்மாடியில இருக்கற அம்மா கடைசி வாரம் வரைக்கும் 'இன்னும் சரிபார்க்கிறேன்'னு இழுத்தடிச்சாங்க. அந்த அம்மா யாருன்னா, நடுமாடிக்காரரோட சம்சாரம்."

"ஓ," என்றான் கொசுறு. அந்த ஒரு எழுத்திலேயே விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் முடிந்துவிட்டது.

"போதாக்குறைக்கு இப்ப, மறுபடி முதல்லேர்ந்து அளங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. இன்னிக்குக் கூட்டத்துல நீக்கியாகணும். அப்படி நீக்கினா வேற எந்த நிலையமும் அவங்களைச் சேர்த்துக்காது. எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. இங்க அவங்களை விடக் கெட்டிக்காரங்க கிடையாது."

*

கீழ்மாடி அறையில் கம்ப்யூட்டரே இல்லை. சுவர் முழுக்கக் கரும்பலகை, தரை முழுக்க சாக்பீஸ் தூள், மேசைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பென்சில் சீவல். காதிலும் ஒரு பென்சில் இருந்தது. பென்சிலம்மா என்று கொசுறு அந்த நிமிஷமே பெயர் வைத்துவிட்டான்.

"நான் எட்டிப் பார்க்கலை," என்றார் பென்சிலம்மா, அவர்கள் உட்காருவதற்குள்ளேயே. "நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

"எண் எப்படிப் பொருந்துச்சு?"

பென்சிலம்மா கிண்ணத்திலிருந்த சீவலைக் கிளறினார்.

"மறுபடி அளக்கச் சொன்னீங்களாமே?"

"ஆமா. அதை மட்டும் எப்படியாவது செய்ய வைங்க. எனக்கு என்ன ஆனாலும் சரி."

"காரணம்?"

"சொல்ல முடியாது."

"மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்குங்க?" என்றான் கொசுறு.

பென்சிலம்மா அவனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அது அழுகைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது. கொசுறுவுக்கு ஏண்டா கேட்டோம் என்றாகிவிட்டது.

மேடம் எழுந்தார். "வீட்டுக்காரர்கிட்டயாவது காரணத்தைச் சொன்னீங்களா?"

"அவர்கிட்ட மட்டும் சொல்லவே கூடாது."

வாசல் படியில் இறங்கும்போது கொசுறு ஆரம்பித்தான். "மேடம், இது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கேஸ். புருஷன் கம்ப்யூட்டர்ல எடுத்தாரு, சாப்பிடும்போது சொன்னாரு, அம்மா எழுதிட்டாங்க. இப்ப வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க மனசில்லை. நான் போய் வண்டியை எடுக்கட்டுமா?"

"எடு. ஆனா வீட்டுக்கு."

"நம்ம வீட்டுக்கா?"

"அவங்க வீட்டுக்கு. சாப்பிடும்போது என்ன பேசுவாங்கன்னு, கூட உட்கார்ந்து சாப்பிடுறவங்களைக் கேட்போம்."

*

கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர் நடுமாடிக்காரரின் தாயார். கதவைத் திறந்தவர், அவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. "டி.வி. ரிப்பேருக்குத்தானே? உள்ள வாங்க," என்றார்.

கொசுறு வாயைத் திறந்தான். மேடம் அவன் முழங்கையைக் கிள்ளினார். உள்ளே போனார்கள்.

கூடத்தில் நடுநாயகமாக ஒரு பெரிய டி.வி. கறுப்பாக நின்றது. அதற்கு எதிரே போட்டிருந்த சாய்வு நாற்காலியில், அந்த அம்மாள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"டி.வி.யில ஒண்ணும் கோளாறில்லை," என்றார் தாயார். "கோளாறு என் மருமகள்கிட்ட. என் சீரியல் எல்லாம் இந்த வைஃபையில வருது. போன வாரம் அதோட பாஸ்வேர்டை மாத்திட்டா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. அன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு மாமனாருக்கு விஷம் கலந்தாளா இல்லையான்னு தெரிய இருந்துச்சு!"

"அடப்பாவமே," என்றான் கொசுறு. அவனும் அந்த சீரியலைப் பார்க்கிறவன். "கலக்கலைங்க. கலந்தது கொழுந்தன்."

"நினைச்சேன்!" தாயார் தொடையில் தட்டினார். அதற்குப் பிறகு அவர்களைச் சொந்தமாகவே நினைத்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டார்.

"மருமகள் நல்ல மாதிரிதானா?" என்று மேடம் மெல்லக் கொக்கியைப் போட்டார்.

"தங்கம். என் பையனை விட என்னை நல்லாப் பார்த்துக்குவா. இத்தனை வருஷத்துல ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அதான் எனக்கு ஆறலை. ரெண்டு பேரும் சண்டையே போட மாட்டாங்க. ஆபீஸ் விஷயம் வாசப்படிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு கல்யாணத்தன்னிக்கே பேசி வச்சுக்கிட்டாங்க. நம்பர் கிம்பர்னு மூச்சு விட மாட்டாங்க. அப்படிப்பட்டவ, போன வாரம் வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வந்ததும் வராததுமா, செருப்பைக் கூடக் கழட்டாம போய் அந்த வைஃபை டப்பாவை நோண்டினா. மாத்திட்டா. 'அத்தை, இனிமே நானே வந்து போட்டுத் தர்றேன், நீங்க கேட்காதீங்க, அவர்கிட்டயும் கேட்காதீங்க'ன்னா. ராத்திரி அவ வர்றதுக்குள்ள சீரியல் முடிஞ்சுடுது."

"முன்னாடி யார் போட்டுத் தருவாங்க?"

"பையன்தான். இந்த டி.வி.க்கும் என் வயசுதான். அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும். தினம் சாயங்காலம் அவன் ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், நான் சொல்லச் சொல்ல அமுக்குவான்."

"உங்களுக்கு மனப்பாடமா?"

"இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கு மருமகள் வச்சா. ரெண்டு வருஷமா அதேதானே? சாமி பேரை விட அதைத்தான் அதிகம் சொல்லியிருக்கேன்." தாயார் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுப் போல இழுத்தார். "நாப்பத்தொண்ணு எழுபத்துமூணு... நாப்பத்தொண்ணு எழுபத்துமூணு..."

மேடத்தின் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. இருபது வருஷப் பழக்கத்தில் கொசுறுவுக்கு அந்த நிறுத்தம் தெரியும். மண்டபத்தின் கடைசி வரிசையில் யாருடைய சட்டைக் கைக்குள்ளோ காகிதம் சரசரத்தால்தான் மேடம் இப்படி நிற்பார்.

வண்டியில் ஏறியதும் கேட்டான். "என்ன மேடம்?"

"நாப்பத்தொண்ணு எழுபத்துமூணு. நடுவுல இருக்கற மூச்சை எடுத்துட்டு, முதல் எண்ணுக்கு அப்புறம் ஒரு புள்ளி வை."

கொசுறு வைத்துப் பார்த்தான். நாலு. புள்ளி. ஒன்று, ஏழு, மூன்று. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"மேடம்! ரெண்டு வருஷம்! புருஷன் எண்ணை எடுத்தது போன மாசம். இந்த அம்மா ரெண்டு வருஷம் முன்னாடியே அதை வைஃபைக்கு வச்சிருக்காங்க. சொந்தக் கணக்கு மேல அவ்வளவு ஆசை! அப்ப அவங்க காப்பியடிக்கவே இல்லை. இழுத்தடிச்சது கூட நிஜமாவே சரிபார்க்கத்தான். கேஸ் முடிஞ்சுது. வழியில ஒரு டீ சாப்பிடலாமா?"

"முடியலை."

"ஏன் மேடம்? தட்டுல சோறு வச்சப்புறம் ஏன் தள்ளுறீங்க?"

"இவ்வளவு நல்ல சாட்சி வீட்டுக்குள்ளயே இருக்கு. வேலை போகப்போகுது. அதை ஏன் அவங்க வாயைத் திறந்து சொல்லலை?" மேடம் வெளியே பார்த்தார். "சொல்லாதது மட்டுமில்லை. அந்த எண்ணை வீட்டை விட்டே துரத்தியிருக்காங்க. புதுசைப் புருஷன் காதுல விழாம மறைக்கறாங்க. நடுமாடிக்குப் போ."

*

நடுமாடி குளிர்ந்து கிடந்தது. ஆளுயர அலமாரிகளில் கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காக இரைந்துகொண்டிருந்தன. பென்சிலம்மாவின் கணவரான கணினிக்காரர் ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

"அவ அப்படிச் செய்யிறவ இல்லை," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "நானும் சொல்லலை. எதுல வேணும்னாலும் சத்தியம் பண்றேன். வீட்டுக்குப் போனா எங்கம்மாவும் சீரியலும்தான். வேற பேச்சே இல்லை."

"நம்புறேன்," என்றார் மேடம். "எண்ணை எப்படி எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

அது கணினிக்காரருக்குப் பிடித்த கேள்வி. முகம் கொஞ்சம் தெளிந்தது. "மேல இருந்து வர்றதை அப்படியே நம்ப முடியாது. முதல்ல போட்டப்ப நாலரைக்கு மேல வந்துச்சு. எங்கயோ இடிக்குதேன்னு தோணுச்சு. தேடினேன். தொலைநோக்கி அறை சூடானா அங்க இருக்கற கடிகாரம் லேசா பிந்துது. நிஜமான கோளாறு, நீங்களே போய்ப் பார்க்கலாம். அதைத் திருத்தினேன், எண் இறங்குச்சு. அப்பவும் ஏதோ சரியில்லை. மேகம் மூடின ராத்திரிகளை எடுத்துட்டேன். இன்னும் இறங்குச்சு. அப்புறம் பூமி நகர்றதுக்கான திருத்தம். அப்ப நாலு புள்ளி ஒன்று ஏழு மூன்று வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முடிஞ்சுது."

"திருத்த வேண்டியது வேற ஒண்ணுமே இல்லையா?"

"தேடினா இருக்கும். எப்பவும் இருக்கும். கண்ணாடியில படிஞ்ச தூசு, கேபிள் நீளம்..."

"தேடலையா?"

"அதான் சரியா வந்துடுச்சே மேடம்."

"சரின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கணினிக்காரர் திரையில் நின்ற எண்ணைத் திரும்பிப் பார்த்தார். அலமாரிகள் இரைந்தன.

"யாரும் சொல்லலை," என்றார் கடைசியில். "பார்த்ததும் மனசுக்கு அப்படிப் பட்டுச்சு. பழகின முகத்தைப் பார்த்த மாதிரி."

கொசுறு வழக்கம்போல எதையோ சொல்ல வந்தான். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

*

மீண்டும் கீழ்மாடி. மேடம் உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழிட்டார்.

"இருபது வருஷம் பரீட்சை மண்டபத்துல நின்னிருக்கேன்," என்றார். "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேர், ஒரே விடை. விடை சரியா இருந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு பேரும் படிச்சிருப்பாங்கன்னு விட்டுடுவோம். எப்பத் தெரியுமா மாட்டுவாங்க?"

பென்சிலம்மா நிமிரவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வந்தா. சரி எல்லாருக்கும் பொது. தப்பு அவனவனுக்குச் சொந்தம். ஒருத்தன் தப்பு இன்னொருத்தன் தாள்ல இருந்தா, அது அங்கே நடந்துதான் போயிருக்கணும்." மேடம் மேசைமேல் சாய்ந்தார். "உங்க நாலு புள்ளி ஒன்று ஏழு மூன்று தப்பு. இல்லையாம்மா?"

பென்சிலம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போன வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்சேன். எல்லாரும் கைதட்டினப்ப எனக்கு மட்டும் பயமா இருந்துச்சு. இவ்வளவு ஒத்துப்போகக்கூடாதேன்னு மறுபடி உட்கார்ந்தேன். ரெண்டு நட்சத்திரமும் ஒண்ணையொண்ணு இழுத்து வீங்க வைக்கும். அந்த வீக்கத்தாலயும் சுத்துற நேரம் கொஞ்சம் குறையும். நான் ஒரு நட்சத்திரத்தோட வீக்கத்தை மட்டும் கணக்குல எடுத்திருக்கேன். ரெண்டு நட்சத்திரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அந்த இடத்துல ரெண்டால பெருக்கியிருக்கணும். மறந்துட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளை செய்யிற தப்பு."

கொசுறு மெதுவாகக் கேட்டான். "அப்ப... வானத்துலேர்ந்து எடுத்த எண்ணும் எப்படி அதே..."

"அதான் தம்பி," என்றார் பென்சிலம்மா. "நான் மறக்கலாம். வானத்துக்குமா ரெண்டால பெருக்க மறந்துபோகும்?"

கொசுறுவின் தலைக்குள் காலையிலிருந்து ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்த கேஸ், சக்கரம் கிறீச்சிட அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் ஓடியது. இந்த அம்மா வானத்தைப் பார்த்து எழுதவில்லை. வானம்தான் இந்த அம்மாவைப் பார்த்து எழுதியிருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் ரிமோட்டோட நிப்பார்," என்றார் மேடம். "அம்மா சொல்லச் சொல்ல அமுக்குவார். ரெண்டு வருஷம். அது உங்க எண்ணுன்னு அவருக்குத் தெரியாது. ஆனா காதுக்குப் பழகிப்போச்சு. இங்க வந்து உட்கார்ந்தா, வேற எந்த எண் வந்தாலும் கரடுமுரடா தெரியுது, தேடறார். இது வந்ததும் நிறுத்திட்டார்."

"அவர் செஞ்ச ஒவ்வொரு திருத்தமும் நிஜம் மேடம். ஒரு பொய் கிடையாது. நிறுத்தின இடம்தான் தப்பு. அது அவருக்கே தெரியாது." பென்சிலம்மாவின் குரல் உடைந்தது. "இந்தத் தொழில்ல இருக்கற எல்லாரும் கதவைப் பூட்டுவோம், படிக்கட்டைப் பூட்டுவோம். நான் போய் எண்ணை டி.வி.யில தொங்க விட்டிருக்கேன்."

"இயக்குநர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு? என் எண் தப்புன்னு சொன்னா, அடுத்த நிமிஷம் அவரைத் திருடன்னுவாங்க. எங்க தப்புன்னு விளக்கினா அது சாயங்காலத்துக்குள்ள மாடி ஏறிடும். அவர் கேட்பார், பாவம், நல்ல மனசோட உட்கார்ந்து, புது எண் வர்ற வரைக்கும் திருத்துவார். நான் எதைச் சொன்னாலும் அது வானத்துல முளைக்கும். அதுக்கு நான் வாயை மூடிக்கிட்டுப் போறதே மேல்."

"அப்ப பாஸ்வேர்டை ஏன் மாத்தினீங்க? அதை அப்படியே விட்டிருந்தா நாங்க இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்."

பென்சிலம்மா வெட்கத்தோடு தலை குனிந்தார். "தப்பான எண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு எப்படி மேடம் தூங்குறது?"

*

நாலு மணிக்குக் கூட்ட அறையில் இயக்குநர், மேல்மாடித் தொலைநோக்கிக்காரர், கணினிக்காரர், பென்சிலம்மா. ஓரத்தில் மேடமும் கொசுறுவும். தொலைநோக்கிக்காரர் ராத்திரியெல்லாம் விழிப்பவர். பகலில் பாதித் தூக்கத்தில்தான் இருந்தார்.

"எப்படி அடிச்சாங்க?" என்றார் இயக்குநர்.

மேடம் அவருக்குப் பதில் சொல்லாமல் கணினிக்காரரிடம் திரும்பினார். "சார், ஒரு சின்ன விஷயம். சாயங்காலம் உங்கம்மா டி.வி.க்கு எதிர்ல உட்கார்ந்து ஒண்ணு சொல்லுவாங்களாமே. எனக்கு அந்த ராகம் வரலை. நீங்க சொல்லிக் காட்டுங்க."

கணினிக்காரர் சங்கடமாகச் சிரித்தார். சந்தர்ப்பம் அப்படி. இருந்தாலும் பெற்ற தாயின் ராகம், தன்னால் வந்துவிட்டது. "நாப்பத்தொண்ணு எழுபத்துமூணு... நாப்பத்தொண்ணு எழு..."

நின்றார்.

அந்த அறையில் எல்லோரும் எண்களோடு குடும்பம் நடத்துகிறவர்கள். புள்ளியை எங்கே வைப்பது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொலைநோக்கிக்காரர் முழுசாக விழித்துக்கொண்டார். கணினிக்காரர் மனைவியைப் பார்த்தார். பென்சிலம்மா அவரைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் கணினிக்காரர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "காப்பியடிச்சது நான். அவ இல்லை. எனக்கே தெரியாம அடிச்சிருக்கேன், ஆனா அடிச்சது நான்தான். பழகின முகம்னு சொன்னேனே மேடம்... என் வீட்டு முகம் அது."

"அந்த அம்மாவோட கணக்குல ஒரு இடத்துல தப்பு இருந்திருக்கு," என்றார் மேடம் இயக்குநரிடம். "அதே தப்பு உங்க வானத்துலயும் இருந்தா, யார் தாள்லேர்ந்து யார் தாளுக்குப் போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது அவருக்கு. பூதமாவது வந்ததே என்ற நிம்மதியும் இருந்தது. "நாளைக்குப் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன். சரி, போகட்டும். திருத்தின எண் என்னம்மா?"

"சொல்ல மாட்டேன்," என்றார் பென்சிலம்மா.

"நான் இயக்குநர்!"

"அவர் இங்க இருக்கார் சார்."

"தப்பு எங்கன்னாவது சொல்லலாம்ல? பெருசா, சின்னதா?" என்றார் தொலைநோக்கிக்காரர்.

"சின்னதுதான், அந்த இடத்துல ரெண்..." என்று ஆரம்பித்த கொசுறு, அப்படியே முகம் கோணி நின்றான். மேடத்தின் செருப்பு அவன் கால் கட்டைவிரல்மேல் ஏறியிருந்தது. "ரெண்டு நாளா எனக்கு வயிறு சரியில்லைன்னு சொல்ல வந்தேன்," என்று முடித்தான்.

தொலைநோக்கிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு இயக்குநர். "ரெண்டு வருஷ ராத்திரி போச்சு," என்றார் தொலைநோக்கிக்காரர், கொட்டாவியோடு. "பரவாயில்லை. நட்சத்திரம் எங்கயும் ஓடிடலை."

இயக்குநர் பென்சிலம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். "உங்களைப் போகச் சொல்ல இருந்தேன். மன்னிச்சுடுங்கம்மா." பிறகு அவர் புருஷனிடம், "முதல்லேர்ந்து. எல்லாத் திருத்தத்தையும் முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு, அப்புறம்தான் எண்ணைப் பார்க்கணும். நீங்களே செய்யறீங்களா, வேற ஆளைப் போடட்டுமா?"

"பழைய எண் தப்புன்னு மட்டும்தான் இப்ப எனக்குத் தெரியும்," என்றார் கணினிக்காரர். "எந்தப் பக்கம் தப்புன்னு தெரியாது. தெரியாத வரைக்கும் நான் செய்யலாம்."

கூட்டம் கலைந்தது. படிக்கட்டில் புருஷனும் பெண்சாதியும் தனியாக நின்றார்கள். தனியாக என்றால், நாலு படி கீழே கொசுறு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

"ஒரு வாரமா உனக்குத் தெரியும்," என்றார் கணினிக்காரர்.

"தெரியும்."

"என்னைக் காட்டிக் கொடுத்திருந்தா உன் வேலை மிஞ்சியிருக்கும்."

"நீங்க திருடலைன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. திருடன்னு ஒரு வார்த்தை விழுந்தா உங்களுக்குத் தாங்காது. எனக்கு அது தாங்கும்."

அவர் கைப்பிடிச் சுவரைத் தடவினார். "என் எண் மறுபடியும் வரும். அது உன்னோடதோட பொருந்தலேன்னா என்ன பண்றது?"

"சண்டை போடுவோம்," என்றார் பென்சிலம்மா. "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு. நாம அதை மட்டும் போடவே இல்லை."

கணினிக்காரர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் நடுமாடிக்கு ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பென்சிலம்மா கீழே இறங்கிப் போனார்.